வெரோனாவில் ஒரு கந்தசஷ்டி

வெரோனாவில் நல்ல தேத்தண்ணி கிடைக்காது. சரியாகக் கொதிக்காத தண்ணீர் ஒரு கோப்பை, நூல் கட்டிய பை ஒன்று, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. பால் கேட்டால் கேட்கக் கூடாததைக் கேட்டதுபோலப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் தேயிலையைக் கையோடு கொண்டுபோங்கள், ஐயா. நான் கொண்டுபோனேன். எதையும் முன்கூட்டி யோசித்துச் செய்வது என் பழக்கம்.

நீங்கள் கேட்டது தேத்தண்ணியைப் பற்றி இல்லை என்று தெரியும். ஆனால் முதலிலிருந்து என் போக்கில் சொல்லலாம் என்று சொன்னதும் நீங்கள்தான். நான் சொல்வதை உங்களுக்குப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லும் இந்த ஷ்ருதி புதுச்சேரிப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறதாம். என் மட்டக்களப்புப் பேச்சு அதற்குப் பாதிதான் விளங்குகிறது. "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்று கெஞ்சுகிறது. அதற்காகத்தான் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். மற்றபடி நான் பதறவில்லை.

என் பெயர் இந்திராதேவி. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறேன். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்கள் ஓய்வறைச் சுவரில் வருடா வருடம் ஒரு இத்தாலிக் கலண்டர் தொங்கும். கூட வேலை செய்யும் கிராசியெல்லா கொண்டுவந்து மாட்டுவாள். அவளுடைய ஊர் வெரோனா. மாதத்துக்கு ஒரு படம்: ரோசா நிறக் கல்லில் கட்டிய பெரிய வட்ட அரங்கு, ஊரைச் சுற்றி வளைந்து போகிற ஆறு, ஏரித் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற கோட்டை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாதம் முடிந்து அவள் தாளைக் கிழிக்கும்போது எனக்குக் கோபம் வரும். இன்னும் ஓர் ஊர் கையை விட்டுப் போகிறதே என்று இருக்கும்.

என் வீட்டுக்காரர் உருத்திரமூர்த்தி துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டியவர். உலகத்து ஊர்ப் பெயரெல்லாம் எழுதிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு திரிந்த மனிதர், என்னை ஓர் இடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. கேட்டால் "மறுகா பாப்பம்" என்பார். பிறகு என்பதற்கு எங்கள் ஊரில் மறுகா என்போம். கனடாவுக்கு வந்து நயாகரா பார்க்காத தமிழச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவருக்கு வீடும் கோயிலும் போதும். எனக்குப் போதவில்லை. இதை நான் யாருக்கும் ஒளித்ததில்லை.

ஆகவே 2005 நொவம்பரில், கந்தசஷ்டி ஆறு நாளும் நான் வெரோனாவில் நின்றேன். கிராசியெல்லாவின் தங்கை ரொசால்பா தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தந்தாள். என் வீட்டுக்காரர் மொன்றியலில் வீட்டில் இருந்து விரதம் பிடித்தார்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே பையை வைத்துவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். ரொசால்பா கட்டிலைக் காட்டி, கன்னத்தில் கை வைத்து, படு என்று சைகை செய்தாள். எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. அந்த வட்ட அரங்கை முதலில் பார்த்தேன். கலண்டரில் பார்த்ததைவிட அழுக்காகவும், பார்த்ததைவிடப் பெரிதாகவும் இருந்தது. உள்ளே போய் உட்காராமல் வெளியே சுற்றி வந்தேன். கோயில் வீதி சுற்றுகிற பழக்கம்தான், இடமிருந்து வலம். சுற்றி முடிந்ததும் இன்னொரு தரம் சுற்றினேன். பிறகு சந்தைச் சதுக்கம். அங்கே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். ஏறினேன். மேலே நின்று பார்த்தால் ஓட்டுக் கூரைகள், ஆறு, பாலங்கள், எல்லாம் ஒரு தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தன. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஆறுதலாக நின்றார்கள். நான் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் சரியாகப் பார்க்கவில்லை என்று பட்டது. திரும்ப ஏறவும் மனம் வரவில்லை.

ஆறு நாளும் அப்படித்தான். ஓர் இடத்துக்குப் போகும்வரை அந்த இடம் வேண்டும் என்று இருக்கும். போய் நின்றால் அடுத்த இடம் வேண்டும் என்று கால் இழுக்கும். இவ்வளவு காலம் காத்திருந்து வந்தவளுக்கு ஏன் அப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஆசை அடங்காத கால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்கச் செவ்வந்திப் பூவாக இருந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சட்டி சட்டியாக, கடை வாசலெல்லாம். கந்தசஷ்டி தொடக்கத்தில் இப்படிப் பூவைக் கண்டது நல்ல சகுனம் என்று ஒரு சட்டி வாங்கினேன். கொண்டுபோயிருந்த சின்ன முருகன் படத்தை அறை யன்னலில் வைத்து, அதற்கு முன்னால் சட்டியை வைத்தேன். ரொசால்பா காலையில் வந்து பார்த்தவள் ஐயோ என்று வாயைப் பொத்தினாள். சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து, கைகளை நெஞ்சில் குறுக்காக மடித்து, கண்ணை மூடிக் காட்டினாள். செத்தவர்களுக்கு வைக்கிற பூவாம். அந்தக் கிழமை, அந்த வாரம் முழுதும், அவர்களுக்குப் பிதிர்க் கிழமை. கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்களாம், வீட்டுக்குள் வைக்க மாட்டார்களாம். எங்களுக்கு அது சாமிப் பூ. நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுதும் பூச்சட்டி தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் மறுபக்கத்து நடைபாதைக்கு மாறினேன்.

சரி, விரதத்துக்கு வருகிறேன். இந்த அதிகாரி ஐயாவுக்கு கந்தசஷ்டி என்றால் என்னவென்று தெரியாது. ஷ்ருதி, நீ சொல்லிக் கொடு பிள்ளை. முருகனுக்கு ஆறு நாள் விரதம். ஆறாம் நாள் சூரன்போர், அடுத்த நாள் காலை பாறணை, அதாவது சாப்பிட்டு விரதம் முடிப்பது. சிலர் இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். கடுமையாகப் பிடிக்கிறவர்கள் தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். என் வீட்டுக்காரர் கடுமையாகப் பிடித்தவர். கலியாணத்துக்கு முதல் மண்டூர்க் கந்தசாமி கோயிலில் போயிருந்து, வருடா வருடம் வெறும் தண்ணீரோடு ஆறு நாளைக் கழித்த ஆள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வைராக்கியம் இருக்கு என்றார்கள். இருந்தது. ஆறு நாள் தண்ணீரில் இருந்தால் மனிதன் சாக மாட்டான் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

நான் கணக்குப் போட்டது அந்தத் துணிவில்தான். அதில் பிழை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

அவருக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருடம் இருக்கும். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடக்கை வேலை செய்யும். பேச்சுக்குப் பதில் சத்தம்தான். தண்ணீருக்கு ஒரு சத்தம், புரட்டிவிடச் சொல்ல ஒன்று, வலிக்கு ஒன்று. கைக்குழந்தையின் அழுகையைத் தாய் பிரித்து அறிகிற மாதிரி எல்லாவற்றையும் நான் பழகிவிட்டேன். ஆம் என்றால் என் கையை ஒரு தரம் அமத்துவார், இல்லை என்றால் இரண்டு தரம். வேலைக்குப் போய் வந்து, துடைத்து, உடுப்பு மாற்றி, கரைத்து ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, நான் செய்ததில் ஒரு குறை கண்டவர் இல்லை. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. வீட்டுக்கு வரும் தாதியைக் கேட்டுப் பாருங்கள். கேட்டிருப்பீர்கள்.

அப்படியானால் ஒரு கிழமைக்கு வைத்துப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றனவே, ஏன் விடவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. தாதியும் அதைச் சொன்னவள்தான், படிவம்கூடக் கொண்டுவந்தாள். ஆனால் அவருடைய தங்கை சிவமலர் டொரோண்டோவில் இருக்கிறாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். கிழமைக்கு ஒரு தரம் போன் எடுத்து, அவர் காதில் வைக்கச் சொல்லித் தேவாரம் படிப்பாள். வந்து பார்க்க மாட்டாள், படிப்பாள். "மச்சாள், அண்ணனை ஒருக்காலும் ஆக்களிட்ட விட்டிராதீங்க" என்று ஒவ்வொரு தரமும் சொல்லித்தான் போனை வைப்பாள். கட்டினவனைப் பிற ஆட்களிடம் தள்ளிவிட்டு ஊர் சுற்றப் போனாள் என்று ஒரு பேர் எடுத்தால், அது மொன்றியலிலும் டொரோண்டோவிலும் நான் சாகும்வரை நிற்கும். அந்தப் பேர் எனக்கு வேண்டாம். அதனால்தான் அவரை யாரிடமும் விடவில்லை.

ஷ்ருதி, ஏன் நிறுத்துகிறாய்? நான் சொன்னதை அப்படியே சொல்லு பிள்ளை.

ஒழுங்குகள் எல்லாம் செய்துவிட்டுத்தான் போனேன். தாதியின் இடத்துக்குப் போன் எடுத்து, எங்கள் சமயத்தில் ஆறு நாள் விரதம், வெளியார் வரக்கூடாது என்று சொன்னேன். அவர்கள் மரியாதையானவர்கள், மன்னிப்புக் கேட்டு அந்தக் கிழமையை விட்டுவிட்டார்கள். சிவமலரிடம், அண்ணன் இந்த முறை விரதம் பிடிக்கிறார், நானும் மௌன விரதம், போன் எடுக்காதே என்றேன். அவள் அழுதே விட்டாள். "அண்ணன் பழையபடி பிடிக்கிறாரா மச்சாள்? முருகன் கண் திறந்திட்டான்" என்றாள். பக்கத்து வீட்டுத் தக்ஷினியிடமும் அதையே சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்னப் பெண் குழந்தை ஒன்றோடு இருக்கிறாள். "வேணுமெண்டா நான் வந்து அங்கிளைப் பாக்கிறன் அன்ரி" என்றவளை, விரத வீட்டுக்குள் வரக்கூடாது என்று நானே மறித்தேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், அவர் டொரோண்டோவில் தங்கையோடு நிற்கிறார் என்றேன். நான் பெட்டி கொண்டுபோகவில்லை. தோள் பை ஒன்றுதான். வாசலில் பெட்டியோடு கண்டால் சனம் கேள்வி கேட்கும்.

அவரிடமும் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை. "இந்த முறை விரதம் பிடிப்பமா?" என்று கேட்டேன். என் கையை ஒரு தரம் அமத்தினார். கண் கலங்கி இருந்தது. எவ்வளவு சந்தோசம் என்று பாருங்கள். வெரோனாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மறுகா என்றுதானே சொல்லியிருப்பார், பேச்சு இருந்திருந்தால்.

சாப்பாடு எதுவும் வைக்கவில்லை. தனியாக இருக்கும்போது சாப்பாடு புரைக்கேறினால் ஆபத்து என்று தாதி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் வைத்தேன். கட்டிலின் இடப்பக்கம் சுவர். சுவருக்கும் அவருக்கும் இடையில் போத்தல்களை வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் உறிஞ்சு குழாய். ஒற்றைக் கையால் மூடி திறக்கக் கஷ்டப்படுவாரே என்று எல்லா மூடியையும் நானே கழற்றிவிட்டேன். தடித்த பம்பர்ஸ் கட்டி, கீழே பிளாஸ்டிக் விரித்து, தலைமாட்டுத் தட்டில் சத்தமாகக் கேட்கிற போனை வைத்தேன். பெரிய பொத்தான் ஒன்று உண்டு, அழைப்பு வந்தால் அமத்துவார். தானாக யாரையும் கூப்பிட அவரால் முடியாது. இலக்கம் எல்லாம் மறந்துவிட்டது. பிறகு நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கடைக்குப் போய்விட்டு வாறன் என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன்.

இது நடந்தபடி. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வெரோனாவில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. யுத்தம் முடிகிற நேரம் பின்வாங்கிப் போன படை அதை உடைத்துவிட்டதாம். பிறகு ஆற்றுக்குள் விழுந்த கற்களையே தேடி எடுத்து, பழையபடி கட்டினார்களாம். பாதிக் கல் வெள்ளை, பாதிச் செங்கல். நான் அதன் நடுவில் நின்று, இந்நேரம் எந்தப் போத்தலில் இருப்பார் என்று யோசித்தேன். யோசித்தவுடன் நடக்கத் தொடங்கிவிட்டேன். காதல் கதை ஒன்றில் வருகிற பெண்ணின் வீடு என்று ஒரு பால்கனி காட்டுகிறார்கள். கீழே இளம் சோடிகள் மொய்த்துப்போய் நின்றன. எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. பெரிய தேவாலயம் ஒன்றின் வெண்கலக் கதவில் சின்னச் சின்ன உருவங்கள் செதுக்கி இருந்தன. அந்தக் கதவு பூட்டியிருந்தது. பக்க வாசலால் உள்ளே போகலாம் என்று ஒருவர் காட்டினார். நான் போகவில்லை. பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

நகரம் என்னைத் துரத்துகிற மாதிரி இருந்ததால் ஏரிக்கரை ஊர்களுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினால் கால் சும்மா இருக்கும் என்று எண்ணினேன். கார்டா என்று பெரிய ஏரி, சில இடத்தில் கடல் மாதிரி அக்கரை தெரியாது. கலண்டரில் தண்ணீருக்குள் நின்ற கோட்டை சிர்மியோனே என்ற ஊரில். நிலம் ஒரு விரல் மாதிரி ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது. கோட்டை வாசலால்தான் ஊருக்குள்ளேயே நுழைய வேண்டும். மதில் ஓரம் வாத்துகள் நீந்தின. குளிர்காலம் தொடங்கியதால் கடைகள் பாதி பூட்டியிருந்தன. அந்த முனையில் ஏரிக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறதாம், நோய்க்கு நல்லதாம். எங்கள் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறு இருக்கிறது. செத்தவர்களின் காரியம் செய்துவிட்டு அங்கே போய்த் தலை முழுகுவார்கள். இதெல்லாம் ஏன் ஞாபகம் வருகிறது என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. படகுத் துறையடியில் ஒரு தொலைபேசிக் கூண்டு நின்றது. அட்டையை எடுத்துக் கூப்பிட்டேன். விரதத்தின் நாலாம் நாள்.

கன நேரம் அடித்தது. வைக்கப்போனேன். அப்போது எடுபட்டது.

"நான்தான். என்னப்பா, சுகமா இரிக்கீங்களா?" என்றேன்.

மூச்சு வந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

நேற்று உங்களிடம் ஏதோ சத்தம் என்று மட்டும்தான் சொன்னேன். அது தண்ணீருக்கான சத்தம். எனக்கு அதில் பிழைக்காது, ஐயா. போத்தல்கள் சரிந்து படுக்கை நனைந்து காய்ந்திருந்தது என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். மூடியைக் கழற்றிவிட்டது என் பிழை. அது உதவி என்று நினைத்துச் செய்தது. ஆனால் போத்தல் சரிந்தது அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தண்ணீர் இல்லை என்பது தெரிந்தது. எப்படி இல்லாமல் போனது என்பதுதான் தெரியாது.

"வாறன், வாறன். சூரன்போர் முடிய வந்திருவன்," என்றேன். அவர் திரும்பவும் அந்தச் சத்தம் போட்டார். முன்னதைவிட மெல்லமாக. நான் போனை வைத்தேன்.

தக்ஷினியின் இலக்கம் எனக்கு மனப்பாடம். அவளிடம் எங்கள் வீட்டுத் திறப்பு இல்லை, சாவியைச் சொல்கிறேன், ஆனால் கட்டடக் காவலாளியிடம் இருக்கிறது. ஒரு அழைப்பு போதும். பிள்ளை, மாமாவுக்குத் தண்ணி குடு என்று சொன்னால் முடிந்தது. அவள் ஓடியிருப்பாள். பிறகு, அன்ரி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள். அன்று பின்னேரமே சிவமலருக்குத் தெரிந்திருக்கும். இத்தாலியில் நிற்கிறாளாம், அந்த மனிசனைக் கட்டிலில் பூட்டிவிட்டு. நான் கூண்டுக்குள் நின்று இவ்வளவையும் யோசித்தேன். அவசரப்பட்டு முடிவு எடுக்கவில்லை.

துறையில் படகு வந்து நின்றது. குளிர்காலத்தில் படகு குறைவு, விட்டால் பிறகு எப்போது என்று தெரியாது. ஏறினேன்.

அதற்குப் பிறகு பார்த்த ஊர்களின் பெயரை உங்களுக்கு வரிசையாகச் சொல்லலாம், ஆனால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒன்றில் மதில் சுற்றி இருந்தது. ஒன்றில் கரையெல்லாம் ஒலிவ மரம். ஒரு கடையில் ஐஸ்கிரீம் வாங்கி, அது உருகிக் கையில் வழிந்து முடியும்வரை நடந்தேன். கண்ணில் ஒரு தொலைபேசிக் கூண்டு பட்டால் தெருவை மாற்றினேன். கூப்பிட்டு அவர் எடுத்தால் என்ன சொல்வது? எடுக்காவிட்டால்? பயம்தான். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மனிசனுக்கு என்ன ஆகுமோ என்ற பயமா, மாட்டிக்கொள்வேனோ என்ற பயமா என்று நீங்கள் கேட்டால், இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியாது.

சூரன்போர் அன்று நான் திரும்பியிருக்க வேண்டும். பாறணைக்கு வீட்டில் நிற்பதாகத்தான் கணக்கு. ரொசால்பாவிடம் விடைபெற்று, அவள் கட்டித் தந்த பாண் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் நின்றது. பக்கத்தில் மால்செசினே என்று எழுதிய பஸ் நின்றது. கலண்டரில் அதுவும் ஒரு மாதம். ஏரியின் மேல்பக்கம், மலையடியில். நான் அதில் ஏறினேன். யாரும் தள்ளி ஏற்றவில்லை.

மால்செசினேயில் மழைத் தூறல். கோட்டைக்குக் கீழே ஏரிக்கரையில் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். வந்த நாளிலிருந்து முதல் தரமாகக் கால் சும்மா இருந்தது. எழும்பு எழும்பு என்று இழுக்கவில்லை. மலை, தண்ணீர், மேகம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் பார்த்த ஊர்களில் உண்மையாகப் பார்த்தது அது ஒன்றுதான். நன்றாக இருந்தது, ஐயா. மன்னிக்க வேண்டும், கேட்டால் சொல்லத்தானே வேண்டும். ரொசால்பாவிடம் திரும்பிப் போய், வயிறு சரியில்லை, விமானத்தை விட்டுவிட்டேன் என்றேன். பாவம் அவள், யார் யாருக்கோ போன் எடுத்து, அடுத்தடுத்த நாளுக்கு வேறு இடம் வாங்கித் தந்தாள். அன்று அவள் வீட்டில் நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? வீட்டுக்குள் போய், அறைக்குள் பார்த்த பிறகுதான் என்று நேற்றுச் சொன்னேன். அதை எழுதியும் விட்டீர்கள். அந்த நேரம் களைப்பு. இன்று சரியாகச் சொல்கிறேன்.

காலை நேரம் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தேன். லிஃப்டால் இறங்கி எங்கள் நடைக்கு வந்தபோது வீட்டு வாசலில் பைகள் இருந்தன. கதவுப் பிடியில் ஒன்று தொங்கியது, மற்றவை கீழே. வாழைப்பழம் கறுத்துப்போய், பால் பெட்டி ஊதிப்போய், இன்னொன்றில் திராட்சை. தக்ஷினி ஒவ்வொரு பின்னேரமும் விரதகாரருக்கென்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கதவைத் தட்டவில்லை. தட்டக்கூடாது என்று நான்தானே சொன்னேன். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் மகளை இழுத்துக்கொண்டு கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போக வெளியே வந்தாள். தோளில் பையோடு நின்ற என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சின்னது "பொன்ஜூர்" என்றது.

"கோயிலாலை வாறியளோ அன்ரி? பழம்கூடத் தொடேல்லை, பாருங்கோ. உங்களை நினைக்க எனக்கு மெய் சிலிர்க்குது," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அங்கிள் எப்பிடிப் பக்தியா இருந்தவர்! எங்கட அறைச் சுவரிலை அவர் தாளம் போடுறது எனக்குக் கேக்கும். பகலும் போடுவார், விடியவும் போடுவார். பஜனை நடக்குது, சத்தம் போடாதை எண்டு இவளைக் கூட அதட்டி வச்சிருந்தனான். கடைசியிலை மெல்ல மெல்லத்தான் கேட்டது. முந்தநாளையிலை இருந்து ஒரு சத்தமும் இல்லை. விரதம் முடிஞ்சுதோ அன்ரி?"

"ஓம் பிள்ளை," என்றேன். "முடிஞ்சிட்டு."

அவள் சந்தோசமாகச் சிரித்துவிட்டு, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து, லிஃப்டுக்குள் போனாள்.

திறப்பு என் கையில் இருந்தது, ஐயா. கதவை நான் இன்னும் திறக்கவில்லை.